தேர் இழுக்கும் கேம்: வீடுகளுக்குள் எப்படிக் கொண்டுபோவது?

கெடிலக்கரை (திருப்பாப்புலியூர்)

வணக்கம். நானும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு மொபைல் கேம் செய்திருக்கிறோம். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பெயரைச் சொன்னால் விளம்பரம் என்று மட்டுறுத்துநர் இழையைத் தூக்கிவிடுவார், அதனால் என்ன கேம் என்று மட்டும் சொல்கிறேன்.

தேர் கட்ட வேண்டும். மரம், சக்கரம், மூங்கில், தொம்பை, துணி, வாழைமரம் எல்லாம் திரையின் அடியில் இருக்கும். எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். எட்டுச் சக்கரம் வைக்கலாம், கப்பல் மாதிரி கட்டலாம், மூன்று மாடி உயர்த்தலாம். கட்டிய தேரை நாலு வீதியும் இழுத்து நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் வடம் இழுப்பார், எதிரே உட்கார்ந்திருப்பவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார். ஒரே போனில் இரண்டு பேர். ரொம்ப உயரமாகக் கட்டினால் முனை திரும்பும்போது ஆடும், கரண்டு கம்பியில் மாட்டும். தேரில் சாமி யாரும் இல்லை, வெறும் பீடம்தான்.

எங்கள் சிக்கல் இதுதான். கேம் ஆடும் பையன்களிடம் காட்டினால் "எதிரி எங்கே, லெவல் எங்கே" என்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் நன்றாகவே ஆடுகிறார்கள், ஆனால் அவர்களாக எதையும் டவுன்லோட் செய்வதில்லை. இன்ஸ்டாவில் கொஞ்சம் பணம் போட்டு ரீல்ஸ் விளம்பரம் ஓட்டினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பையன்கள். அன்றைக்கே அழித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கேம் ஆடும் பழக்கமே இல்லாத குடும்பங்களிடம் இப்படிப்பட்ட ஒன்றை எப்படிச் சொல்வது? எங்கே சொல்வது?

விளம்பரக்காரன் (புதுச்சேரி)

கையில் இருக்கும் பணத்தை இன்னும் செலவு செய்யாமல் கேட்டீர்களே, நல்லது.

பையன்கள் வந்ததற்குக் காரணம் உங்கள் வீடியோ இல்லை. ஆப் இன்ஸ்டால் விளம்பரம் என்று போட்டால், குறைந்த காசுக்கு யார் இன்ஸ்டால் செய்வார்களோ அவர்களைத்தான் இன்ஸ்டாவின் விளம்பர இயந்திரம் தேடிப் பிடிக்கும். எதைக் கண்டாலும் இறக்கிப் பார்க்கிறவர்கள் யார்? அவர்கள்தான். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவரை இன்ஸ்டால் செய்யவைக்க ஆகும் செலவில் பத்துப் பையன்கள் கிடைப்பார்கள். இயந்திரத்துக்கு எண்ணிக்கைதான் கணக்கு.

இன்னொன்று. உங்கள் கேமில் ஆடுகிறவர் ஒருவர், சரி என்று சொல்கிறவர் ஒருவர், யூபிஐ வைத்திருக்கிறவர் ஒருவர். ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கும், அம்மா முடிவு செய்வார், அப்பா போனிலிருந்து காசு போகும். மூவருக்கும் ஒரே வீடியோ என்றால் ஒருவர் காதிலும் விழாது.

பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே. அவர்களைப் பின்தொடர்வதும், அவர்களுக்கென்று குறிவைத்த விளம்பரம் காட்டுவதும் கூடாது. அதனால் பேச வேண்டியது பெற்றோரிடம்தான்.

ஹெட்ஷாட் (நெல்லிக்குப்பம்)

தேர் வெடிக்குமா ப்ரோ? வெடித்தால் சொல்லுங்கள், இறக்குகிறேன்.

பழைய கேசட் (மஞ்சக்குப்பம்)

ஹெட்ஷாட் தம்பி கேட்டது கிண்டல் என்றாலும், அவருக்கு இது வேண்டாம் என்பது தெளிவு. அவரை விட்டுவிட்டு மேலே போகலாம்.

இதே கேள்வியை 20 வருடம் முன்னால் ஜப்பானிய கேம் கம்பெனி நிண்டெண்டோ கேட்டது. டிவியில் மாட்டி ஆடும் அவர்களுடைய கேம்க்யூப் பெட்டி உலகம் முழுக்கச் சேர்த்து 2 கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. சோனியோடு படத் தரத்தில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, சதோரு இவாட்டா தலைமையில் வேறு பக்கம் திரும்பினார்கள். ஏற்கெனவே ஆடுகிறவனுக்காகச் சண்டை போடுவதைவிட, ஆடாதவரை ஆடவைப்போம் என்றார்கள். 2006 நவம்பரில் வந்த அடுத்த பெட்டியான 'வீ' 10 கோடிக்கு மேல் விற்றது.

எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு "புதுமை" என்று முடித்துவிடுவார்கள். நான் கவனித்தது வேறு. கேம் ஆடாத பெரியவருக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்கிறோம். பாதிப் பேருக்கு அது இல்லை, வெட்கம். பதினாறு பட்டன் இருக்கும் ஒன்றைக் கையில் கொடுத்து, பக்கத்தில் பத்து வயதுப் பையன் "ஐயோ, அது இல்லப்பா" என்று சிரித்தால் எந்த அப்பா திரும்பத் தொடுவார்? வீ ரிமோட் டிவி ரிமோட் மாதிரியே இருந்தது. டென்னிஸ் என்றால் கையை வீசினால் போதும். பையனும் புதிது, பாட்டியும் புதிது. முதல் பத்து நிமிடம் யாரும் யாரையும்விடக் கெட்டிக்காரர் இல்லை. ஜப்பானைத் தவிரப் பெரும்பாலான நாடுகளில் அந்த டென்னிஸ் இருக்கும் வீ ஸ்போர்ட்ஸ் கேமைப் பெட்டியோடு சும்மாவே கொடுத்தார்கள். ஆக, வாங்குகிறவர் தனியாக ஒரு கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

விளம்பரத்திலும் திரையை அதிகம் காட்டவில்லை. சோபாவில் எழுந்து நிற்கும் மனிதர்களைக் காட்டினார்கள். அமெரிக்காவில் வெளியீட்டுக்கு முன்பே சில வீடுகளைப் பிடித்து, அங்கே ஒரு அம்மா தன் தோழிகளைக் கூப்பிட்டு ஆடவைக்க ஏற்பாடு செய்தார்கள். பத்திரிகை விமர்சனத்தைப் படிக்காதவர்களிடம் இப்படித்தானே போக முடியும்?

அதே கம்பெனி 2012-ல் 'வீ யூ' என்று புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. நிறையப் பேர் அதைப் பழைய வீக்கு ஒட்டுப்பொருள் என்று நினைத்துவிட்டார்கள். 1.35 கோடியோடு நின்றது. குடும்பங்கள் ஒரு பொருளைப் புரிந்துகொள்ள அரை நிமிடம்தான் கொடுப்பார்கள். அதற்குள் குழப்பினால் போச்சு.

ரெண்டு வாண்டுகளின் அம்மா (லாஸ்பேட்டை)

ஆடாதவர் சார்பில் நானே பேசிவிடுகிறேன். நான் ஏன் எந்த கேமையும் இறக்குவதில்லை என்று சொன்னால் உங்களுக்கு உதவும் இல்லையா?

கேம் என்றாலே எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஆன்லைன் ரம்மிதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் 2022-ல் சட்டம் போட்டார்கள், போன வருஷம் 2025-ல் மத்திய அரசே பணம் வைத்து ஆடுவதை மொத்தமாக நிறுத்தியது. ஆனால் செய்தியில் அத்தனை வருஷம் பார்த்த பயம் அப்படியே இருக்கிறது. மாமியார் காதில் "கேம்" என்று விழுந்தாலே "காசு போயிடப் போகுதுடி" என்பார். உங்கள் விளம்பரத்தில் தேரைக் காட்டும் முன்னால், இதில் பணமே கிடையாது என்பதைக் காட்டுங்கள்.

அப்புறம் நடுவில் வரும் விளம்பரம். பெரியவன் ஒரு கலரிங் ஆப் வைத்திருந்தான். ஒரு பூவுக்கு வண்ணம் அடித்து முடித்தால் ஒரு விளம்பரம், அதில் மூடுகிற பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியாது. அதைத் தேடித் தொட்டால் வேறு ஏதோ ஆப் இறங்குகிறது. அந்த ஆப்பைச் செய்தவர் யார் என்று தெரியாது, ஆனால் அதன் பிறகு நான் எதையும் நம்புவதில்லை.

முக்கியமானது இனிமேல்தான். ஒரு ஆட்டம் எப்போது முடியும்? அம்மாவின் முதல் கேள்வி இதுதான். உங்களில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "இதை முடிச்சிட்டு வரேன்" என்று பிள்ளை சொன்னால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். உங்கள் தேர் நிலைக்கு வந்துவிடும் அல்லவா? அதைவிட நல்ல முடிவு வேறு எந்த கேமில் இருக்கிறது? "ஒரு தேர், அஞ்சு நிமிஷம்" என்று எழுதுங்கள். நான் இறக்குவேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தேர், அவ்வளவுதான்.

பழைய கேசட் சார் வெட்கம் என்று சொன்னதும் சரி. ஆனால் ஒரு திருத்தம். எனக்கு 38 வயது. சின்ன வயசில் மஞ்சள் கேசட் போட்டு மரியோ, காண்ட்ரா எல்லாம் ஆடியவள்தான். அம்மா என்றால் ஒன்றும் தெரியாது என்று வைத்து விளம்பரம் எடுக்காதீர்கள். எரிச்சல் வரும்.

கெடிலக்கரை

அக்கா, உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிவைக்கலாம். ஒரு தேர் நிலைக்கு வர ஐந்து நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம்வரை ஆகிறது, கட்டுகிற நேரம் தனி. கட்டுவதில்தான் பிள்ளைகள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கும் ஒரு வரம்பு வைக்கலாமா என்று பார்க்கிறேன். நடுவில் விளம்பரம் நிச்சயம் இல்லை. நெட் இல்லாமலும் ஓடும்.

ரெண்டு வாண்டுகளின் அம்மா

நெட் இல்லாமல் ஓடும் என்பதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? ஃபெஞ்சல் புயல் அன்று இங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. போனில் இருந்த ஒரு கேமும் திறக்கவில்லை. கேரம் போர்டுதான் காப்பாற்றியது.

அனல்மின் தாத்தா (நெய்வேலி)

தம்பி, எனக்கு வயது 69. பெங்களூரில் இருக்கும் பேரனோடு லூடோ கிங் ஆடுகிறேன். கொரோனா காலத்தில் ஆரம்பித்தது. லூடோவில் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாயம் உருட்டி வளர்ந்தவனுக்கு அதில் என்ன புதிதாக இருக்கிறது? அந்த ஆப் இவ்வளவு ஓடியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், விளம்பரம் அல்ல.

தேர் விஷயத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஊரில் தேர் ஓடும்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேர் எங்கே போகும் என்று முடிவு செய்வது சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நிற்கும் நாலு பேர். அவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பரம்பரையாகச் செய்கிறவர்கள். கட்டையை எந்தக் கோணத்தில், எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் போடுவது என்பது கைப்பழக்கம். ஒரு விரல் அளவு தப்பினாலும் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். இழுப்பதற்கு வேகம் வேண்டும், கட்டை போட நிதானம் வேண்டும்.

ஆக, பேரன் இழுக்கட்டும், தாத்தா திருப்பட்டும். அந்த வேலையில் நான் அவனைவிடக் கெட்டிக்காரனாக இருப்பேன். இதைச் சொன்னால் என் வயதுக்காரன் ஆடுவான். "தாத்தா பாட்டிக்கும் எளிது" என்று எழுதினால் ஆடமாட்டான்.

எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.

பழைய கேசட்

ஐயா, அருமை. இதைத்தான் நான் சுற்றிவளைத்துச் சொன்னேன்.

செல்போன் கடை (லாரன்ஸ் ரோடு)

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் சின்ன விஷயம் சொல்கிறேன். கேம் எத்தனை எம்பி?

என் கடைக்குப் போனைக் கொண்டுவருகிற அம்மாக்கள், ஐயாக்கள் பத்துப் பேரில் ஆறேழு பேர் சொல்வது "இடமில்லைன்னு காட்டுது தம்பி". திறந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கம் படம், கல்யாண வீடியோ, ஒரே சாமி படம் எட்டு தடவை. அதை அழிக்கச் சொன்னால் மனசு வராது. புதிதாக ஒன்றை இறக்க வேண்டுமென்றால் ஏதாவது போக வேண்டும், போவது எப்போதும் கேம்தான். உங்கள் கேமுக்குப் போட்டி வேறு கேம் இல்லை அண்ணே, பேத்தியின் காதுகுத்து வீடியோ.

பிளே ஸ்டோர் பாஸ்வேர்டு தெரியாதவர்களும் நிறைய. ஜிமெயில் போட்டுக் கொடுத்ததே நாங்கள்தான். புதுப் போன் வாங்கும்போது கடைப்பையன் எதைப் போட்டுக் கொடுக்கிறானோ அதுதான் அந்த வீட்டுக்கு ஆப். பிள்ளையும் கூட வந்திருக்கும், டேட்டா மாற்றி முடியும்வரை முக்கால் மணி நேரம் கவுண்டரில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு டேப்லெட் வையுங்கள். என் கடையில் வைக்கத் தடையில்லை, காசும் வேண்டாம். டேப்லெட்டைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்.

கெடிலக்கரை

180 எம்பி. குறைத்துவிடலாம், நாதஸ்வரம் தவில் பதிவுதான் பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது. கடைக்கு நாளைக்கே வருகிறேன்.

விளம்பரக்காரன்

பழைய கேசட் சாரின் வீ கதை நன்றாக இருக்கிறது. ஆனால் வீக்குப் பின்னால் கோடிக்கணக்கான டாலர் டிவி விளம்பரம் இருந்தது. டிஎஸ் என்ற அவர்களுடைய கையடக்கப் பெட்டியில் வந்த மூளைப் பயிற்சி கேமுக்கு ஐரோப்பாவில் நிக்கோல் கிட்மனையே நடிக்கவைத்தார்கள். கெடிலக்கரையால் ஒரு சின்னத்திரை நடிகரைக்கூடக் கூப்பிட முடியாது. அதைப் பார்த்து இவர் என்ன செய்வார்?

இவருக்குப் பொருந்துவது வேர்டில். ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காகச் செய்த சொல் விளையாட்டு, 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். விளம்பரமே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சொல், அவ்வளவுதான். டிசம்பரில் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் வசதி வைத்தார். அதில் விடை இருக்காது, அதனால் பார்க்கிறவருக்கு ஆட்டம் கெடாது. என்னவோ ஒன்று எல்லோரும் போடுகிறார்களே என்று கேட்கவைத்தது அந்தக் கட்டம்தான். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது.

உங்கள் கேமிலிருந்து வெளியே போகக்கூடிய பொருள் எது? பிள்ளை கட்டிய தேர். அது நிலைக்கு வந்ததும் ஒரு படம் வர வேண்டும். தேர், அடியில் பிள்ளை தட்டிய பெயர், அவ்வளவு போதும். லோகோவை மூலையில் சின்னதாக வையுங்கள். "இறக்குங்கள்" என்று எதையும் எழுதாதீர்கள். அம்மா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார், ஏனென்றால் அது அவர் மகள் செய்தது. லிங்க்கை யாரும் ஸ்டேட்டஸில் வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் "இது எதுல செஞ்சது" என்று கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்விதான் உங்கள் விளம்பரம்.

பிளே ஸ்டோர் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகள் எட்டு வரை வைக்கலாம், ஆனால் முதல் இரண்டு மூன்றுதான் யார் கண்ணிலும் படும். முதல் படத்தில் கோணலாகச் சாய்ந்து கம்பியில் மாட்டிய தேரை வையுங்கள். அழகான தேர் மூன்றாவதாக வரட்டும். எல்லோரும் நேர்த்தியானதை முன்னால் வைத்து "இது எனக்கு வராது" என்ற எண்ணத்தை அவர்களே விதைத்துவிடுகிறார்கள்.

பழைய கேசட்

கோணல் தேர் யோசனைக்கு என் ஓட்டு. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு கை ஆடுவதையும் படமாக வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் போனைத் தொடும் விரல்களை ஸ்கிரீன்ஷாட்டுகளில் காட்ட வேண்டாம் என்பது கூகுளின் வழிகாட்டல். அதை ரீல்ஸில் காட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது கேமைப் பற்றியே ஒரு பயம். படைப்பு விளையாட்டுகளுக்கு ஒரு சாபம் உண்டு. "என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று விளம்பரம் சொல்லும். சரி, நான் என்ன செய்ய வேண்டும் என்று வாங்கியவர் கேட்பார். காலித் தாளைக் கொடுத்து வரை என்றால் ஐந்து வயதுப் பிள்ளை வரைந்துவிடும், அதன் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

'ஸ்போர்' என்ற கம்ப்யூட்டர் கேம் வந்தது 2008 செப்டம்பரில்தான். ஜூனிலேயே பிராணி உருவாக்கும் பகுதியை மட்டும் தனியாக விட்டார்கள், அதிலும் ஒரு துண்டு இலவசம். கால் ஒட்டு, கண் ஒட்டு, உடனே அது நடக்கும், குதிக்கும். ஒரு நிமிடத்தில் உங்களுடையது என்று ஒன்று உயிரோடு நிற்கும். முழு கேம் வந்தபின் குறை சொன்னவர்கள் நிறைய, ஆனால் அந்தப் பிராணிப் பட்டறையைக் குறை சொன்னவர் அநேகமாக இல்லை.

அதற்கு எதிர்ப்பக்கம் 'ஓகாமி'. 2006-ல் வந்தது, திரையில் தூரிகையால் வரைந்து ஆடுவது. அவ்வளவு அழகு, விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்தார்கள், விற்கவில்லை. செய்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். (2008-ல் வீயில் அதை மறுபடி வெளியிட்டபோது அமெரிக்க அட்டைப்படத்தில் ஒரு கேம் இணையதளத்தின் நீர்முத்திரை அப்படியே அச்சாகிவிட்டது. அட்டையை மாற்றித் தருகிறோம் என்று வெளியிட்ட கேப்காம் கம்பெனி அறிவிக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஸ்டோர் படங்களை நாலு கண் பார்க்கட்டும்.)

அதனால் கேம் திறந்ததும் காலி இடத்தைக் காட்டாதீர்கள். பாதி கட்டிய தேர் நிற்கட்டும், ஒரு சக்கரம் மட்டும் இல்லாமல். பிள்ளையோ தாத்தாவோ அந்தச் சக்கரத்தை மாட்டினால் தேர் நகர வேண்டும். அலங்காரம், உயரம் எல்லாம் இரண்டாவது தேருக்கு.

வில்லியனூர்வாசி

சாமி இல்லாத தேர் என்பது எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர்த் திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வருகிறார்கள். சாமி இருப்பதால்தானே வருகிறார்கள்? வெறும் பீடத்தை இழுக்க ஊர் கூடுமா?

ரெண்டு வாண்டுகளின் அம்மா

அதே வில்லியனூரில் லூர்து மாதா கோயிலுக்கும் தேர்பவனி இருக்கிறதே. என் மகளோடு படிக்கும் பிள்ளைகள் எல்லா மதமும்தான். பீடம் காலியாக இருப்பதுதான் நல்லது. என் சின்னவள் அதில் கரடி பொம்மையைத்தான் வைப்பாள்.

மட்டுறுத்துநர்

மத விவாதம் இந்த இழையில் வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பழைய கேசட்

விவாதமாக இல்லை, தகவலாக. 2008 அக்டோபரில் சோனியின் 'லிட்டில் பிக் பிளானட்' கேம் வெளிவரக் காத்திருந்தபோது, ஒரு பாட்டில் குர்ஆன் சொற்றொடர்கள் இரண்டு இருப்பதை ஒரு ரசிகர் கண்டுபிடித்தார். அச்சடித்த டிஸ்க்குகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்று, பாட்டை மாற்றி, தாமதமாக வெளியிட்டார்கள். வேண்டுமென்றே யாரும் செய்யவில்லை. அவர்களால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது. கெடிலக்கரை, உங்கள் நாதஸ்வரப் பதிவில் பின்னணியில் தேவாரமோ வேறெதுவோ கேட்கிறதா என்று ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பாட்டு வரிகள் இல்லாத மல்லாரி மட்டும் என்றால் பிரச்சினையில்லை.

ரெண்டு வாண்டுகளின் அம்மா

விலை என்ன என்று யாரும் கேட்கவில்லையே?

கெடிலக்கரை

அதிலும் குழப்பம்தான் அக்கா. முதல் மூன்று வீதி இலவசம், மீதிக்கு ஒரே தடவை 99 ரூபாய் என்று யோசனை. இல்லையென்றால் முதலிலேயே 99.

விளம்பரக்காரன்

முதலிலேயே காசு கேட்டால் நம் ஊரில் இறக்கமாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. முதலிலேயே காசு கொடுத்து வாங்கும் ஆப்பை கூகுள் ஃபேமிலி லைப்ரரியில் வீட்டில் ஆறு பேர்வரை பகிரலாம். ஆப்புக்குள்ளே வாங்கியதை அப்படிப் பகிர முடியாது. குடும்ப விளையாட்டு என்று சொல்லிவிட்டு அப்பா போனில் திறந்தது அம்மா போனில் பூட்டியிருந்தால் திட்டு விழும், ஒரு நட்சத்திரம் விழும். இலவசமாகக் கொடுத்துத் திறக்கவைக்கும் வழியே சரி. ஆனால் "ஒரு போனுக்கு" என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எப்படியும் இது ஒரே போனில் இரண்டு பேர் ஆடுவதுதானே.

பிள்ளை தானாகத் தட்டி வாங்கிவிடாதபடி, விலை தெரியும் இடத்துக்கு முன்னால் பெரியவருக்கான ஒரு சின்னக் கேள்வியைக் குறுக்கே வையுங்கள். ஏழு எட்டு எவ்வளவு மாதிரி.

ரெண்டு வாண்டுகளின் அம்மா

என் பெரியவன் ஏழு எட்டைச் சொல்லிவிடுவான். வேறு ஏதாவது வையுங்கள்.

99 பரவாயில்லை. "ஒரே தடவை, மறுபடி கேட்கமாட்டோம்" என்பதுதான் எனக்கு வேண்டும்.

செல்போன் கடை

எங்கே காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஸ்டால் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கூட்டம் ஏராளம்தான். ஆனால் அத்தனை பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் டவர் படுத்துவிடும். க்யூஆர் கோடு அச்சடித்துக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. அந்த நோட்டீஸில் சுண்டல் மடிப்பார்கள்.

அனல்மின் தாத்தா

ஆற்றுத் திருவிழாவுக்குப் போங்கள் தம்பி. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் சுற்றுவட்டார ஊர்ச் சாமியெல்லாம் வந்து இறங்கும். குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மணலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்கள். மாசி மகத்தில் குளித்துக் கும்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள், ஆற்றுத் திருவிழாவில் பொழுது இருக்கும். பாயை விரித்து நாலு டேப்லெட்டோடு உட்காருங்கள். ஸ்டால், மேஜை எல்லாம் போட்டால் ஏதோ விற்கிறான் என்று ஒதுங்கிப் போவார்கள்.

வில்லியனூர்வாசி

கோபம் தணிந்துவிட்டது, நானும் ஒன்று சொல்கிறேன். நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளில் சாயங்காலம் பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கும்வரை பிள்ளைகளுக்கு வேலை இல்லை. பழைய கேசட் சொன்ன அமெரிக்க அம்மா வீடு மாதிரிதான். ஒரு தெருவுக்கு ஒரு கொலு வீடு பிடித்தால் போதும்.

ரெண்டு வாண்டுகளின் அம்மா

கொலு எல்லோர் வீட்டிலும் வைப்பதில்லை. அதை மட்டும் நம்பினால் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகள் மொத்தமாக வந்து சேரும் பாருங்கள், ஆறு பிள்ளைக்கு ஒரு போன். உங்கள் கேமுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஏப்ரல் கடைசிக்குள் வெளியிட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு நண்பரோடு உட்கார்ந்து பேசினோம். திறந்ததும் சக்கரம் இல்லாத தேர், நிலைக்கு வந்ததும் பெயரோடு படம், இரண்டும் செய்கிறோம். விளம்பரத்துக்கு வைத்திருந்த பணத்தில் பழைய டேப்லெட் வாங்கி முதலில் லாரன்ஸ் ரோடு கடையில் ஒன்று, புதுச்சேரியில் நண்பருக்குத் தெரிந்த ஒரு முடிதிருத்தும் கடையில் ஒன்று வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே அப்பாவும் பிள்ளையும் காத்துக்கொண்டு இருப்பார்கள். கட்டை போடுபவருக்குக் கடினம் கொஞ்சம் கூட்டி, இழுப்பவருக்குக் குறைத்திருக்கிறேன், தாத்தா சொன்னதற்காகவே.

காலித் தேர் காலியாகவே இருக்கும். வில்லியனூர் அண்ணன் மன்னிக்கவும்.

இப்போது ஒரு உதவி. பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், வெளியிடும் முன்னால் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். நண்பர்களைச் சேர்த்தால் எல்லோரும் ஹெட்ஷாட் மாதிரி ஆட்கள்தான். வீட்டில் பிள்ளையோ பெரியவரோ இருக்கிறவர்கள் தனிச்செய்தியில் ஜிமெயில் முகவரி அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு மட்டும்.

ஹெட்ஷாட்

நானும் வரேன் ப்ரோ. எங்க ஆயா இருக்காங்க.

அனல்மின் தாத்தா

அனுப்பிவிட்டேன். என் போன் பழையது, 3 ஜிபி ராம். ஓடாவிட்டால் இங்கேயே எழுதுகிறேன்.

ரெண்டு வாண்டுகளின் அம்மா

என்னிடம் ஐபோன். மாமியார் போன் ஆண்ட்ராய்டு, அந்த ஜிமெயிலை அனுப்பட்டுமா? பாஸ்வேர்டு லாரன்ஸ் ரோடு தம்பி மாதிரி யாரோ ஒருவரிடம்தான் இருக்கும், கேட்டு வாங்குகிறேன்.